சமர்த்துக் குழந்தை: சீனாவிலிருந்து அமெரிக்க வீடுகளுக்குத் தத்துப்போன சிறார்களின் அன்றாடம்

1. ஆய்வின் எல்லை

நாடு கடந்த தத்தெடுப்பைப் பற்றி எழுதுவோர் ஒன்று சட்டத்தையும் அரசியலையும் எழுதுகிறார்கள். இல்லையென்றால், வளர்ந்து ஆளான தத்துப்பிள்ளைகள் தம் பிறப்பைத் தேடிப் போகும் கதையை எழுதுகிறார்கள். நடுவில், சோறூட்டி, குளிப்பாட்டி, தூங்கவைத்துக் கழியும் ஆண்டுகள் குழந்தை மருத்துவர்களின் கையேடுகளோடு நின்றுவிடுகின்றன. இக்கட்டுரை அந்த நடு ஆண்டுகளை, குறிப்பாக ஒரு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட தளர்நடைப் பருவத்தை எடுத்துக்கொள்கிறது.

களமாக சீனா–அமெரிக்கா வழியைத் தேர்ந்ததற்குக் காரணம் எண்ணிக்கை மட்டும் இல்லை. மாகாணம் எதுவானாலும் நடைமுறை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்ததால், ஒரு வீட்டில் கண்டதை இன்னொரு வீட்டோடு ஒப்பிட முடிகிறது. தளர்நடைப் பருவத்துக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. பிறந்த குழந்தையைப் போல இவர்கள் புதிதாகத் தொடங்குபவர்கள் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளையைப் போல நடந்ததைச் சொல்லத் தெரிந்தவர்களும் இல்லை. இவர்களுடைய கடந்த காலம் பழக்கங்களாக உடம்பில் ஏறியிருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாத வீடுகள் செய்யும் முதல் தவறு, அடங்கி இருக்கும் குழந்தையைச் சமர்த்து என்று எடுத்துக்கொள்வது.

2. காலமும் காரணமும்

சீனத் தத்தெடுப்புச் சட்டம் 1991 டிசம்பரில் நிறைவேறி, 1992 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒற்றைக் குழந்தைக் கொள்கை, ஆண் வாரிசு வேண்டும் என்ற குடும்ப நெருக்கடி, நோயுற்ற பிள்ளைக்கு வைத்தியம் பார்க்க வழியில்லாத வறுமை ஆகிய மூன்றும் சேர்ந்து காப்பகங்களை நிரப்பின. தொடக்க ஆண்டுகளில் வெளிநாடு போனவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண் குழந்தைகள். உச்சமான 2005ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 7,900 பேர் அமெரிக்கா சென்றனர். அதன்பின் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது. பிளவுபட்ட உதடு, இதயக் குறைபாடு போன்றவற்றோடு பிறந்த, சற்று வயது கூடிய குழந்தைகளே பிற்காலத்தில் மிகுதி. 2024 செப்டம்பரில், நெருங்கிய இரத்த உறவினர் போன்றோருக்கு மட்டும் விலக்களித்து, சீன அரசு இந்த வழியை மூடியது. அதற்குள் 1,60,000க்கு மேற்பட்டவர்கள் வெளிநாடுகளுக்குப் போயிருந்தனர். அவர்களில் பாதிப்பேர் அமெரிக்க வீடுகளுக்கு.

3. ஒப்படைப்பு

வழி திறந்திருந்த காலத்தில் ஒப்படைப்பு நடந்தது மாகாணத் தலைநகரில், ஓர் அரசு அலுவலக அறையில். காப்பக ஆயாக்கள் குழந்தைகளை வேனில் அழைத்துவந்திருப்பார்கள். பெயர் கூப்பிடக் கூப்பிட, குழந்தை ஓர் இடுப்பிலிருந்து இன்னோர் இடுப்புக்கு மாறும். பெரும்பாலும் மறுநாளே பதிவு முடிந்துவிடும். கடவுச்சீட்டுக்குச் சில நாள், பிறகு குவாங்சௌ நகரிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா. ஆக இரண்டு வாரம் ஓட்டல் அறையில் கழியும். அந்நகரின் ஒயிட் ஸ்வான் ஓட்டலில் இப்படி வந்த குடும்பங்கள் அத்தனை பேர் தங்கியதால், வெள்ளைத் தாய் சீனக் குழந்தையை ஏந்தி நிற்கும் பார்பி பொம்மையை மேட்டல் நிறுவனம் அங்கே பரிசாகவே கொடுத்துவந்தது. வணிகம் எதையும் விட்டுவைப்பதில்லை.

கையில் கிடைக்கும் கோப்பில் ஒரு மருத்துவ அறிக்கையும் ஒரு வளர்ச்சி அறிக்கையும் இருக்கும். எத்தனை மணிக்குப் பால், எத்தனை மணிக்கு உறக்கம் என்ற பட்டியலும் உண்டு. பிறந்த தேதி பலருக்கு மதிப்பீடுதான். பெயரும் நிறுவனம் வைத்தது. ஒரே காப்பகத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே குடும்பப்பெயர் இருப்பது வழக்கம்.

ஒப்படைத்த முதல் மணி நேரத்தில் குழந்தைகள் இரண்டு விதமாக நடந்துகொண்டார்கள். சிலர் தொண்டை கட்டும்வரை அழுது, ஆயா போன கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேறு சிலர் சத்தமே போடுவதில்லை. தூக்கினால் வருவார்கள், கீழே விட்டால் விட்ட இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். முதல் வகைக் குழந்தையின் பெற்றோர் கலங்கிப்போவார்கள், இரண்டாம் வகையினர் நன்றி சொல்வார்கள். தத்தெடுப்பு மருத்துவர்கள் இதை நேர்மாறாகப் படிக்கச் சொல்வார்கள். ஒருவரை இழந்ததற்காக அழும் குழந்தைக்கு ஒருவரிடம் ஒட்டிக்கொள்ளத் தெரிந்திருக்கிறது. காப்பகத்தில் இல்லாமல் சீனாவிலேயே ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் இருந்துவந்த குழந்தைகளிடம் இந்த அழுகை அதிகம். அமைதியான குழந்தை திகைப்பில் உறைந்திருக்கலாம். அல்லது அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்று முன்னமே கற்றிருக்கலாம்.

4. அன்றாடத்தின் கூறுகள்

4.1 உணவு

முதல் சண்டை பால் புட்டியில் தொடங்கும். காப்பகத்தில் ஓர் ஆயாவுக்குப் பல குழந்தைகள். அதனால் புட்டியைத் தலையணையில் சாய்த்து வைப்பதும், சீக்கிரம் தீர ரப்பரின் துளையைப் பெரிதாக்குவதும், பாலில் அரிசி மாவு கலந்து கெட்டியாக்குவதும் பல இடங்களில் வழக்கமாக இருந்தன. பால் நல்ல சூட்டில் இருக்கும். அமெரிக்கத் தாய் வெதுவெதுப்பான, நீர்த்த பாலைச் சிறுதுளைப் புட்டியில் கொடுக்கும்போது குழந்தை இரண்டு வாய் உறிஞ்சிவிட்டுத் தூக்கி எறியும். தாய் அதைத் தன்னை மறுப்பதாக எடுத்துக்கொள்வாள். துளையைச் சற்றுப் பெரிதாக்கி, பாலைச் சூடாக்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

திட உணவில் கஞ்சியும் ஆவியில் வேகவைத்த முட்டையும் கைகொடுத்தன. ஒன்றரை வயதிலும் கடித்து மெல்லத் தெரியாத குழந்தைகள் உண்டு. கூழாகவே உண்டு வளர்ந்தவர்களுக்கு ரொட்டித் துண்டு தொண்டையில் நிற்கும். இன்னொரு பக்கம், போதும் என்று சொல்லத் தெரியாதவர்கள். தட்டில் இருப்பது தீரும்வரை, தீர்ந்த பின்னும், வாய் திறந்தபடியே இருப்பார்கள். கன்னத்தில் அடக்கிவைப்பார்கள்; பிஸ்கட்டைக் கையில் இறுக்கிக்கொண்டே தூங்கிப்போவார்கள்.

இங்கே வளர்ப்பு நூல்களின் பொது அறிவுரை பொருந்தாது. சாப்பாட்டு நேரம், அளவு, ஒழுங்கு என்று கண்டிப்புக் காட்டினால் குழந்தையின் அச்சம் உறுதிப்படும். அதன் கைக்கு எட்டும் இடத்தில் எப்போதும் ஏதாவது தின்பண்டம் இருக்கட்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். உணவு ஓடிப்போகாது என்று தெரிந்துவிட்டால் பதுக்கலும் வயிறு முட்டத் தின்பதும் மாதங்களில் குறைகின்றன. சோறில்லாத வீட்டிலிருந்தா இது வந்து சேர்ந்தது என்று உறவினர் கேலி செய்வதைத்தான் தடுக்க முடிவதில்லை.

யார் ஊட்டுவது என்பது இன்னும் முக்கியம். முதல் சில மாதங்கள் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, அழுதால் தூக்குவது எல்லாம் பெற்றோர் மட்டும் செய்ய வேண்டும். பாட்டி கொஞ்சலாம், ஊட்டக் கூடாது. பேரக்குழந்தைக்காகக் காத்திருந்த பாட்டிகளுக்கு இதை விளங்கவைப்பதைவிட விசா வாங்குவது எளிது.

4.2 உறக்கம்

பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ உள்ள கால வித்தியாசம் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். சரியாகாதது அறை. வரிசையாகத் தொட்டில்கள், பத்துப் பதினைந்து குழந்தைகளின் மூச்சும் இருமலும், எரிந்துகொண்டே இருக்கும் விளக்கு. இவற்றுக்கு நடுவில் உறங்கிய குழந்தையை, சுவரில் முயல் படம் வரைந்த தனி அறையில், இருட்டில், கதவைச் சாத்தி விட்டுவருகிறார்கள். குழந்தையைத் தனியே அழவிட்டுப் பழக்கும் முறை அமெரிக்க நடுத்தர வர்க்கத்தில் செல்வாக்குள்ளது. இந்தக் குழந்தைகளிடம் அது சீக்கிரமே பலித்துவிடுகிறது. அதுதான் அதன் குற்றம். அழுவது வீண் என்ற பழைய பாடத்தைப் புதிய வீடும் ஒப்புக்கொண்டுவிட்டதாக ஆகிறது.

நள்ளிரவில் போய்ப் பார்த்தால் குழந்தை கண் விழித்து, சத்தமில்லாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். சில குழந்தைகள் தலையை இடமும் வலமும் ஆட்டியோ, உடம்பை முன்னும் பின்னும் அசைத்தோ தம்மைத் தாமே தூங்கவைத்துக்கொள்வார்கள். ஆட்டிவிட ஆளில்லாத இடத்தில் கற்றது. தொட்டிலைப் பெற்றோரின் கட்டிலை ஒட்டிப் போட்ட வீடுகளில் ஒரு கட்டத்தில் இரவு அழுகை தொடங்கும். முன்பு அழாத குழந்தை இப்போது கூப்பிட்டு அழுகிறது. தூக்கம் கெட்ட பெற்றோருக்கு இதைப் பின்னடைவு என்றே தோன்றும். என் வாசிப்பில், முதல் ஆண்டின் மிகத் தெளிவான முன்னேற்றம் இதுவே.

4.3 உடையும் கழிப்பும்

சீனாவில் நடைபழகும் குழந்தைகள் அடியில் திறப்புள்ள கால்சட்டை அணிவதும், குறித்த நேரத்தில் உட்காரவைத்துப் பழக்கப்படுவதும் பரவலான வழக்கம். ஒன்றரை வயதில் இப்பழக்கம் வந்துவிட்ட குழந்தைக்கு, புதிய வீட்டில் மறுபடி டயப்பர் மாட்டப்படுகிறது. உடையிலும் முரண்: மே மாதத்திலும் மூன்றடுக்குத் துணியில் பொதிந்திருந்த குழந்தைக்கு ஒற்றைச் சட்டையோடு வெறுங்காலில் இருப்பது அச்சுறுத்தலாக இருக்கலாம்.

5. பற்று

காப்பகத்தில் கழிந்த காலம், பெற்றோரிடம் குழந்தை கொள்ளும் பற்றைப் பாதிக்கிறது. ருமேனியாவில் 1989 டிசம்பரில் சௌசெஸ்கு ஆட்சி கவிழ்ந்தபின் அங்கிருந்து, பெரும்பாலும் காப்பகங்களிலிருந்து, பிரிட்டனுக்குத் தத்துப்போன 165 குழந்தைகளை மைக்கேல் ரட்டரின் ஆய்வுக் குழு பல்லாண்டு பின்தொடர்ந்தது. ஆறு மாத வயதுக்கு முன்பே காப்பகத்தை விட்டு வந்தவர்கள் பெரும்பாலும் மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்ந்தனர்; அதைத் தாண்டி இருந்தவர்களிடம் கவனக் குறைவு, யாரோடும் வேறுபாடின்றி ஒட்டுதல் போன்றவை நெடுநாள் நீடித்தன. சீனக் காப்பகங்களை ருமேனியாவோடு அப்படியே சமன்படுத்துவது நியாயமில்லை. இருந்தாலும் வயது என்ற காரணி இங்கும் செயல்படுகிறது. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரு வயதுக்கு முன் தத்துப்போனவர்களின் பற்று மற்றக் குழந்தைகளுடையதைப் போலவே இருந்தது. ஒரு வயதுக்குப் பின் போனவர்களிடம் பாதுகாப்பான பற்று குறைவாகக் காணப்பட்டது. தளர்நடைப் பருவம் இந்தக் கோட்டுக்கு அப்புறம் விழுகிறது.

வீட்டில் இது எப்படித் தெரியும்? கடையில் யார் கை நீட்டினாலும் குழந்தை தாவும். விழுந்து முட்டி சிராய்த்தால் அழாது, யாரையும் தேடாது. விருந்தாளியின் மடியில் ஏறி அமர்ந்துகொள்ளும். அவர் "என்ன இனிமையான குழந்தை, வேற்றுமுகம் பார்க்கவே இல்லையே" என்பார். பல மாதம் கழித்து ஒருநாள் அதே குழந்தை அந்நியரைக் கண்டு தாயின் காலைக் கட்டிக்கொள்ளும். தாய் குளியலறைக்குப் போனால் கதவைத் தட்டி அலறும். எட்டு மாதக் குழந்தைக்கு வர வேண்டிய அச்சம் இரண்டரை வயதில் வருகிறது. அப்போதுதான் சமர்த்து போய்விட்டது என்று அக்கம்பக்கம் சொல்லும்.

பெற்றோரின் பக்கமும் கவனிக்கத்தக்கது. அமெரிக்கச் சட்டம் 1993 முதல் தத்தெடுத்தவர்களுக்கும் பன்னிரண்டு வார விடுப்பைத் தருகிறது, சம்பளமில்லாமல். ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, பெருந்தொகை செலவழித்து, அழைத்துவந்த குழந்தையிடம் உடனே அன்பு சுரக்கவில்லை என்பதை ஒரு தாய் யாரிடம் சொல்வாள்? பெற்றவளின் மனச்சோர்வைப் புரிந்துகொள்ளும் சுற்றம், தத்தெடுத்தவளின் சோர்வை நன்றிகெட்டத்தனமாகப் பார்க்கிறது.

6. உடல்

வந்த இரண்டு வாரத்துக்குள் முழுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமியின் நெறி. குடல் ஒட்டுண்ணி, இரத்தசோகை, ஈயம், ஹெபடைட்டிஸ் பி, காசநோய் எல்லாம் பார்க்கப்படும். லாரி மில்லர், நான்சி ஹென்ட்ரி இருவரும் சீனாவிலிருந்து வந்த 452 குழந்தைகளைப் பற்றி 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, காப்பகத்தில் கழித்த ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒரு மாத உயரம் குறைந்திருந்தது. முதல் ஆண்டில் சட்டைகள் வேகமாகச் சிறியதாகிவிடுவது இந்தக் கடன் தீர்வதால்தான்.

7. கதையும் தெருவும்

"இவள் உங்கள் சொந்தக் குழந்தையா?" "எவ்வளவு செலவாயிற்று?" "கொடுத்துவைத்தவள்!" கடை வரிசையில் நிற்கும்போது இப்படி வந்து விழும். இரண்டு வயதுக் குழந்தைக்குப் பேச வருவதைவிட அதிகம் விளங்கும். பதில் கேட்டவருக்குப் போவதைவிடக் குழந்தைக்குப் போய்ச் சேருகிறது. சில குடும்பங்கள் படங்கள் ஒட்டிய ஒரு சிறு புத்தகம் செய்து இரவில் வாசித்துக் காட்டுகின்றன: நீ இந்த ஊரில் பிறந்தாய், இந்த ஆயா உன்னைப் பார்த்துக்கொண்டாள், பிறகு நாங்கள் விமானத்தில் வந்தோம். தொல்லை இரண்டாம் பக்கத்தில். "காப்பக வாசலில் கண்டெடுக்கப்பட்டாள்" என்று கோப்பு சொல்கிறது. ஹூனான் மாகாணத்தின் ஹெங்யாங் பகுதியில் காப்பகங்கள் பணம் கொடுத்துக் குழந்தைகளை வாங்கியது 2005இல் வெளிப்பட்டு, அடுத்த ஆண்டு தண்டனைகளும் வழங்கப்பட்டன. அதன்பின் எந்தக் கோப்பின் வாசலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியவில்லை. தெரிந்ததை மட்டும் எழுதி, மீதிக்கு இடம் விட்டுவைப்பதே நேர்மை. "உன் அம்மா உன்னை நேசித்ததால்தான் விட்டுப்போனாள்" என்ற வாக்கியம் பல புத்தகங்களில் இருக்கிறது. அது பெற்றோரின் ஊகம். போதாததற்கு, நேசித்தால் விட்டுப்போவார்கள் என்றும் குழந்தை அதைக் கேட்டுக்கொள்ளும்.

8. மொழி

முதல் மொழி வியப்பூட்டும் வேகத்தில் போய்விடுகிறது. ஒன்றரை வயதில் சீனச் சொற்கள் சில பேசிவந்த குழந்தை சில மாதங்களில் அவற்றைச் சொல்வதையும் நிறுத்திவிடும், கேட்டாலும் திரும்பாது. பழைய மொழியில் பதில் சொல்ல வீட்டில் ஆளில்லை. இதை இருமொழிக் குழந்தையின் நிலையோடு குழப்பக் கூடாது. இங்கே ஒரு மொழி நின்று, இன்னொன்று முதலிலிருந்து தொடங்குகிறது. ஹார்வர்டில் ஜெஸ்ஸி ஸ்னெடெக்கர் குழு, சீனாவிலிருந்து இரண்டரை முதல் ஐந்தரை வயதுக்குள் வந்த குழந்தைகளைக் கவனித்து 2007இல் வெளியிட்ட முடிவு இது: வயதில் மூத்தவர்களானாலும் அவர்கள் ஆங்கிலம் கற்கும்போது கைக்குழந்தைகளின் படிகளையே ஏறுகிறார்கள். முதலில் பெயர்ச்சொற்கள், பின்பு வினைகள், பின்பே இலக்கணச் சிற்றுருபுகள். வேகம் மட்டும் அதிகம்.

அந்த இடைவெளியில் இரண்டு வயதுக் குழந்தைக்கு எந்த மொழியும் கையில் இல்லாத சில வாரங்கள் உண்டு. கடிப்பதும் அடிப்பதும் பொருள்களை எறிவதும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். பால், இன்னும், போதும், தூக்கு என்று நான்கைந்து கைச்சைகைகளைக் கற்பித்த வீடுகளில் சினம் தணிந்ததாகப் பெற்றோர் பலர் சொல்கிறார்கள், நம்பத் தடையில்லை.

போன மொழி எங்கே போகிறது என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. கொரியாவிலிருந்து பிரான்சுக்குத் தத்துப்போய் வளர்ந்தவர்களின் மூளையில் கொரிய மொழிக்குத் தனித் தடயம் எதுவும் காணவில்லை என்று 2003இல் ஒரு பிரெஞ்சுக் குழு அறிவித்தது. மாண்ட்ரியலில் நடந்த ஓர் ஆய்வு வேறு சொன்னது. சராசரியாக ஒரு வயதையொட்டிச் சீனாவிலிருந்து வந்து, பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த ஒன்பது முதல் பதினேழு வயதுப் பெண்களுக்குச் சீனத் தொனிகளை ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். பொருள் ஒன்றும் விளங்காத அவர்களின் மூளை, சீனமும் பிரெஞ்சும் பேசும் பெண்களுடையதைப் போலவே இயங்கியது. 2014இல் வெளியான முடிவு இது. கொரியாவிலிருந்து நெதர்லாந்து போனவர்களை வைத்து 2017இல் வெளியான ஆய்வில், கொரிய ஒலிகளைப் பயிற்றுவித்தபோது அவர்கள் மற்ற டச்சுக்காரரைவிட விரைவாகத் தேறினர். ஆறு மாதம் நிறையுமுன்பே தத்துப்போனவர்களும் ஒன்றரை வயதையொட்டியோ அதற்குப் பின்போ போனவர்களும் இதில் சமமாகவே இருந்தனர்.