பொழுதுபோக்காகச் சதுரங்கம் ஆடுபவர் முன்னேற எத்தனை காலம் ஆகும்? ஒரு விரிவான பார்வை

மட்டாஞ்சேரி (கேரளம்): கொச்சியின் மட்டாஞ்சேரி போன்ற வணிகப் பகுதியில் நாள் முழுவதும் கடையில் நின்றுவிட்டு, இரவில் கைபேசியில் சதுரங்கம் ஆடும் முப்பது வயதுக்காரர் ஒருவரை எண்ணிக் கொள்வோம். கிடைப்பது நாளுக்கு ஒரு மணி நேரம். பயிற்சியாளருக்குக் கட்டணம் செலுத்துவதா, போட்டிகளுக்குச் செல்வதா என முடிவெடுக்கும் முன் அவருக்கு எழும் முதல் கேள்வி: தம் ஆட்டம் தேற எவ்வளவு காலம் ஆகும்?

இக்கேள்விக்குப் பெரும்பாலும் மேதைகளின் கதைகளே பதிலாகக் கூறப்படுகின்றன. சென்னையைச் சேர்ந்த குகேஷ் ஏழு வயதில் ஆடக் கற்று, 2019 ஜனவரியில் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். திருச்சூரைச் சேர்ந்த நிஹால் சரின் ஆறு வயதில் கற்று, 2018ஆம் ஆண்டில் 14 வயதில் அப்பட்டத்தைப் பெற்றார். முழுநேரமாக ஆடும் சிறுவர்களின் இந்தக் கால அளவை, வேலைக்குச் செல்லும் ஒருவர் தமக்குப் பொருத்திப் பார்ப்பது வீண் மனச்சோர்வையே தரும்.

ஆய்வுகள் கூறும் மணிக்கணக்கு

அர்ஜென்டினா ஆட்டக்காரர்கள் 104 பேரிடம் ஃபெர்னாண்ட் கோபே, கில்லர்மோ காம்பிதெல்லி ஆகியோர் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவதாகும். மாஸ்டர் நிலையை எட்டியோர் அதற்குச் சராசரியாகச் சுமார் 11,000 மணி நேரம் செலவிட்டிருந்தனர். நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் இது முப்பது ஆண்டுகள். ஆனால், சராசரியைவிட இடைவெளியே இங்குக் கவனிக்கத்தக்கது. ஒருவருக்குச் சுமார் 3,000 மணி நேரமே போதுமானதாக இருந்தது; மற்றொருவருக்கு 23,000 மணி நேரத்துக்கும் மேல் தேவைப்பட்டது. 25,000 மணி நேரத்தைத் தாண்டியும் அந்நிலையை எட்டாதோரும் இருந்தனர். உழைப்பு இன்றியமையாதது, எனினும் அது மட்டுமே போதும் என்பதற்குச் சான்றில்லை.

நீல் சார்னஸ் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைச் சுட்டியது. கிராண்ட்மாஸ்டர்கள் தங்கள் முதல் பத்தாண்டுகளில் தனியே அமர்ந்து பயின்ற நேரம் மட்டும் சுமார் 5,000 மணி. இடைநிலை ஆட்டக்காரர்களைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு இது. ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையைக் காட்டிலும், தனிமையில் பயின்ற நேரமே திறனை மிகுதியாகக் கணித்தது. இரவில் இருபது அதிவேக ஆட்டங்களை ஆடிவிட்டு உறங்கச் செல்பவர்கள் விரும்பாத முடிவு இது!

விரைந்து முன்னேறியவரும், தோற்றவரும்

பெரியவர்களால் முடியாது என்பதும் சரியன்று. அமெரிக்கரான மைக்கேல் டி லா மாசா, அந்நாட்டுத் தரவரிசையில் 1321 புள்ளிகளிலிருந்து ஏறத்தாழ ஈராண்டில் 2041ஐ எட்டி, 2001ஆம் ஆண்டு வேர்ல்டு ஓப்பன் போட்டியில் 2000 புள்ளிகளுக்குக் கீழ்ப்பட்டோர் பிரிவில் பட்டம் வென்றார். சுமார் ஆயிரம் உத்திப் புதிர்களை முதலில் 64 நாள்களில் தீர்த்து, பின் அதே புதிர்களை 32, 16, 8, 4, 2 நாள்கள் என்று பாதியாக்கி, இறுதியில் ஒரே நாளில் தீர்ப்பது அவரது முறை. மொத்தம் 127 நாள்கள். கடைசி நாளில் ஆயிரம் புதிர்கள் என்பது வேலைக்குச் செல்பவருக்கு நடவாத காரியம். அவ்வெற்றிக்குப் பின் அவரும் போட்டி ஆட்டங்களிலிருந்து விலகிவிட்டார். எனினும் இம்முறையின் கருவில் உண்மை உண்டு. தொடக்க நிலை ஆட்டங்களில் பெரும்பாலானவை காவலின்றி விடப்பட்ட காயாலும், கவனிக்கத் தவறிய இரட்டைத் தாக்குதலாலுமே முடிகின்றன. தொடக்க நகர்த்தல்களை மனப்பாடம் செய்வதைவிட இப்பிழைகளைக் களைவதே முதலில் பலன் தரும்.

மறுபுறம், மேக்ஸ் டாய்ச் என்பவர் ஒரு மாதப் பயிற்சியுடன் 2017இல் ஹாம்பர்க் நகரில் மேக்னஸ் கார்ல்சனை எதிர்கொண்டு தோற்றார். அது வியப்புக்குரியதன்று.

புள்ளி பின்னால்தான் வரும்

முன்னேறியும் அதை அறியாமல் பலர் மனம் தளர்வதற்குத் தரவரிசைக் கணக்கு ஒரு காரணம். வயது வந்த ஒரு சாதாரண ஆட்டக்காரருக்கு ஃபிடே கணக்கில் பெருக்கெண் 20. அவரது உண்மையான திறன் 100 புள்ளி உயர்ந்துவிட்டது எனக் கொள்வோம். பழைய தரத்தில் உள்ளோருடன் ஆடினால் அவர் 50 விழுக்காட்டுக்குப் பதில் 64 விழுக்காடு பெறுவார். ஆட்டத்துக்கு 2.8 புள்ளி, ஒன்பது சுற்றுப் போட்டியில் சுமார் 25 புள்ளி. புள்ளி உயர உயர எஞ்சிய இடைவெளி குறைவதால் ஈட்டுவதும் குறையும். ஆண்டுக்கு நான்கு போட்டிகள் ஆடினாலும், பெற்ற முன்னேற்றத்தில் மூன்றில் இரண்டு பங்கே பட்டியலில் தெரியும். ஒரு தொடரில் சறுக்கினால் அதுவும் தெரியாது. ஆறு மாதத்தில் பயிற்சி பலனளிக்கவில்லை என முடிவு கட்டுவது ஆகவே அவசரம்.

2024 மார்ச்சில் ஃபிடே கீழ்மட்ட வரம்பை 1000இலிருந்து 1400 ஆக உயர்த்தி, 2000க்குக் கீழிருந்தோரின் புள்ளிகளையும் ஒரே முறையாகக் கூட்டியது. 1500 பெற்றிருந்தவர் ஆடாமலே 1700 ஆனார். அதற்கு முந்தைய புள்ளியுடன் இன்றைய புள்ளியை ஒப்பிட்டு மகிழ்வதில் பொருளில்லை. கைபேசிச் செயலிகள் தரும் எண்களும் வேறு கணக்கு முறையில் அமைந்தவை.

கேரளத்திலேயே மற்றோர் அளவுகோல்

புள்ளிகளைப் பொருட்படுத்தாத முன்னேற்றத்துக்கும் கேரளத்தில் சான்று உண்டு. திருச்சூர் மாவட்டம் மரோட்டிச்சால் கிராமம் ஒரு காலத்தில் கள்ளச்சாராயத்தாலும் சூதாட்டத்தாலும் சீரழிந்திருந்தது. தேநீர்க் கடை நடத்திய உண்ணிகிருஷ்ணன், தாம் கற்ற சதுரங்கத்தை ஊராருக்கு இலவசமாகக் கற்பிக்கத் தொடங்கினார். நாளடைவில் பெரும்பாலான வீடுகளுக்குச் சதுரங்கப் பலகை சென்றது. இன்று அவ்வூர் 'சதுரங்கக் கிராமம்' என அறியப்படுகிறது. அங்கு மாற்றம் நிகழப் பல ஆண்டுகள் ஆயின. அதைப் பட்டங்களைக் கொண்டு எவரும் அளக்கவில்லை.

மட்டாஞ்சேரி கடைக்காரருக்குத் திரும்புவோம். நாளுக்கு ஒரு மணி நேரத்தில் பாதியைப் புதிர்களுக்கும், தோற்ற ஆட்டங்களை ஆராய்வதற்கும் ஒதுக்கி, மீதியில் நிதானமான ஆட்டங்களை ஆடினால், ஓராண்டில் தெளிவான மாற்றத்தை எதிர்பார்க்கலாம். இந்நிலையில் ஆண்டுக்கு 100 புள்ளி என்பது நல்ல வேகமே. ஃபிடே பட்டியலில் இடம்பெற, தரப்புள்ளி பெற்றோருடன் குறைந்தது ஐந்து ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும். இந்தியாவின் திறந்தநிலைப் போட்டிகள் பலவற்றில் குறைந்த புள்ளி கொண்டோருக்கெனத் தனிப் பிரிவுகளும் பரிசுகளும் உள்ளன.