பக்கக் கண்ணாடி புதுப்பித்தல் (மாஸ்டா எம்எக்ஸ்-5)

1989-இல் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான இரண்டு இருக்கைகள் கொண்ட ஜப்பானியத் திறந்த காரான மாஸ்டா எம்எக்ஸ்-5-இன் முதல் தலைமுறைக்கு, வெயிலில் வெளுத்த அல்லது உடைந்த பக்கக் கண்ணாடிகளை மாற்றும் பணி. பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய கண்ணாடி உறைகளே பெரும்பாலும் கிடைக்கின்றன. அவற்றின் நிறம் அரிதாகவே பொருந்தும்; அதனால் மீண்டும் பெயிண்ட் பூச வேண்டியிருக்கும்.

வேலையின் உயிர் பூச்சுக்கு முந்தைய தயாரிப்பில் இருக்கிறது. மெழுகும் சிலிக்கோனும் துளி மிஞ்சினாலும் பெயிண்ட் குழிகுழியாக விலகும். உறையைக் கழுவி, நீர் உப்புத்தாளால் தேய்த்து, பிளாஸ்டிக் வெளியே தெரியும் இடங்களில் ஒட்டுத்திறன் தரும் பிரைமர் பூச வேண்டும். நிறக் குறியீட்டை மட்டும் நம்புவது போதாது: பல ஆண்டு வெயில் பட்ட சிவப்பு வெளிறியிருக்கும், எனவே கதவோடு ஒப்பிட்டே கலக்க வேண்டும். ஹார்டனர் சேரும் கிளியர் கோட்டில் ஐசோசயனேட் உண்டு; சாதாரணத் துணி முகமூடி நுரையீரலைக் காக்காது.

பொருத்தும்போது அடியிலுள்ள ரப்பர் கேஸ்கெட்டைப் புதிதாக்குவது நல்லது. மின்சாரக் கண்ணாடியானால் கதவின் உட்பலகையைக் கழற்றி ஒயரை இணைக்க வேண்டும். ஸ்க்ரூக்களை அளவுக்கு மீறி முறுக்கினால் பழைய பிளாஸ்டிக் விரிசல் விடும்.