கூடங்குளத்தில் புகுந்த ஒற்றன்

18ஆம் நூற்றாண்டு பிரான்சில் 'கபினே நுவார்' என்று ஓர் ஏற்பாடு இருந்தது. 'கறுப்பு அறை' என்று பொருள். தபாலில் போகும் கடிதங்களை அங்கே முத்திரை கெடாமல் பிரித்து, படித்து, நகல் எடுத்துக்கொண்டு, மறுபடியும் ஒட்டி அனுப்பிவிடுவார்கள். கடிதம் ஒழுங்காக வந்து சேர்ந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இது பள்ளி நாளிலேயே தெரிந்த கதை.

இப்போது 'ஸ்பைவேர்' என்கிறார்களே, உளவு மென்பொருள், அதன் வேலையும் இதுதான். பழைய வைரஸ்கள் பலவும் கணினியைப் படுக்க வைத்துவிடும், நமக்கும் தெரிந்துவிடும். உளவு மென்பொருள் வந்தால் கணினி எப்போதும் போல ஓடிக்கொண்டிருக்கும். நாம் தட்டுகிற எழுத்துகள் மட்டும் வேறோர் இடத்துக்கும் போய்க்கொண்டிருக்கும்.

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2019 அக்டோபர் கடைசியில், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினியில் 'டிட்ராக்' என்ற உளவு மென்பொருள் புகுந்துவிட்டதாகச் செய்தி பரவியது. தட்டெழுத்துகளைப் பதிவு செய்வது, எந்தெந்த இணையப் பக்கம் பார்த்தோம் என்று எடுப்பது, உள்ளே இருக்கும் கோப்புகளைப் பட்டியல் போடுவது ஆகியவை அதன் வேலைகள். வடகொரியாவோடு தொடர்புள்ளது என்று வல்லுநர்கள் கருதும் 'லாசரஸ்' கூட்டத்தின் கைவேலை என்று காஸ்பர்ஸ்கி நிறுவனம் அதற்கு முந்தைய மாதம்தான் அறிவித்திருந்தது. அதன் உறவுக்கார மென்பொருள் ஒன்று இந்திய வங்கிகளின் ஏ.டி.எம்.களில் அட்டை விவரங்களைத் திருடியதும் அப்போது வெளியே வந்தது.

அக்டோபர் 29 அன்று நிலையத்திலிருந்து மறுப்பு வந்தது. கட்டுப்பாட்டு அமைப்பு தனித்து இயங்குகிறது, இணையத்தோடு இணைப்பே இல்லை, ஆகவே தாக்க முடியாது என்றார்கள். மறுநாளே இந்திய அணுமின் கழகம் வேறொரு அறிக்கை விட்டது. மென்பொருள் புகுந்தது உண்மைதான், செப்டம்பர் 4 அன்றே 'செர்ட்-இன்' என்ற மத்திய அமைப்பு தகவல் கொடுத்தது, பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைத்திருந்த ஒரு கணினி, உள் கட்டமைப்பு பாதிக்கப்படவில்லை என்றது.

குமாஸ்தா வேலை பார்த்தவன் கண்ணோடு இரண்டு அறிக்கைகளையும் படித்தால் ஒன்று புரியும். முதல் அறிக்கை இரும்புப் பெட்டியைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாவது, தபால் வாங்கும் மேசையைப் பற்றிப் பேசுகிறது. ஒற்றன் வந்தது மேசைக்குத்தான். பெட்டி தப்பியது, அதற்கும் மேசைக்கும் நடுவே வழி இல்லாததால்.

நம் வீட்டில் பெட்டியும் மேசையும் ஒன்றுதான் என்பதே ஆபத்து. வேப்பனப்பள்ளிப் பக்கம் பல வீடுகளில், ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் விட்டுப்போன பழைய கணினி இருக்கிறது. அதிலேயே பேரன் விளையாட்டை இறக்குகிறான். அதிலேயே தாத்தா ஓய்வூதியக் கணக்கையும் பார்க்கிறார். பட்டா நகலும் ஆதார் நகலும் அதிலேயே கிடக்கின்றன.

ஆகவே கூடங்குளத்தைக் காத்த அதே பிரிவினையை வீட்டிலும், முடிந்த அளவு, செய்ய வேண்டும். விண்டோஸில் ஆளுக்கு ஒரு கணக்கு வைக்கலாம். அன்றாடம் பயன்படுத்துவது 'ஸ்டாண்டர்ட்' கணக்காக இருக்கட்டும். 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கடவுச்சொல் பெரியவர் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். பிறகு, பல மென்பொருள்களை அவரைக் கேட்காமல் நிறுவ முடியாது. பத்திரங்களின் நகலைப் பென் டிரைவில் போட்டு, கழற்றி பீரோவில் வையுங்கள்.

திருட்டு மென்பொருள் வேண்டவே வேண்டாம். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்னும் அதையே வைத்திருப்பவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி ஆவன செய்யுங்கள். மத்திய அரசு 2017இல் தொடங்கிய 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' தளத்தில், கணினியைச் சுத்தம் செய்யும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. சந்தேகம் வந்தால் முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்குப் பேசுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செப்டம்பர் 4 அன்று தெரிந்த விஷயம் ஊருக்குத் தெரிய 56 நாள் ஆனது. அவர்களுக்காவது தகவல் சொல்ல ஓர் அமைப்பு இருந்தது. நம் வீட்டுக் கணினியைப் பற்றி நமக்கு யாரும் கடிதம் போடப் போவதில்லை. ஏதோ சரியில்லை என்று தோன்றினால், பிள்ளைகள் கோபிப்பார்களோ என்று மறைக்காமல் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.