ஆக மோசமான அணி எது?

மலேசியக் காற்பந்தின் சிறந்த அணி எது என்று கேட்டால் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், சந்தோக் சிங், ஆர். ஆறுமுகம் என்று எழுபதுகளின் பெயர்கள் வரிசையாக வரும். 1972 மூனிக் ஒலிம்பிக், 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம், 1980இல் தென்கொரியாவை 2-1 என்று வென்றும் புறக்கணிப்பால் மாஸ்கோ போகாமல் நின்றது. யாரும் மறுப்பதில்லை. மறுப்பில்லாத இடத்தில் என்ன பேச்சு? ஆக மோசமான அணி எது என்று பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடையில் ஒரு வார்த்தை விட்டுப் பாருங்கள். தே தாரிக் ஆறிப்போகும்.

முதல் கட்சி 2007. ஆசியக் கிண்ணத்தை நான்கு நாடுகள் சேர்ந்து நடத்தின. புக்கிட் ஜாலிலில் சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2. மூன்று ஆட்டத்தில் வாங்கியது 12, போட்டது 1. வியட்நாம் காலிறுதிக்குப் போனது, தாய்லாந்தும் இந்தோனேசியாவும் ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்தன. ஒரு புள்ளிகூட இல்லாத வீட்டுக்காரர் நாம் மட்டுமே. "கல்யாண வீட்டுக்காரனுக்கே சோறு இல்லாம போச்சு" என்பது அந்தக் கட்சியின் நிரந்தர வசனம். அதன் பிறகுதான் பி. சத்தியநாதனைப் பயிற்றுநராகக் கூப்பிட்டார்கள். கே. ராஜகோபால் 2010இல் சுசுகி கிண்ணத்தையே கொண்டுவந்தார். "எல்லாம் கவுந்த பிறகுதான் நம்ம ஆளுங்க ஞாபகம் வரும்" என்று சொல்லாத அங்கிள் கிள்ளானில் இருக்கமாட்டார். பாதி கிண்டல், பாதி கணக்கு.

இரண்டாவது கட்சி 2015. இதுதான் பெரிய கட்சி. ஜூனில் சொந்த மைதானத்தில் பாலஸ்தீனத்திடம் 0-6. செப்டம்பர் 3 அபுதாபியில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0-10. "பத்து வெள்ளி குடுத்துட்டு மீதிச் சில்லறைகூட வாங்காம வந்த டீம்டா அது!" பயிற்றுநர் டோலா சாலே விலகினார். ஐந்தே நாளில் ஷா ஆலாமில் சவுதியோடு ஆட்டம். 87ஆவது நிமிடம், 1-2 என்று பின்தங்கியிருந்தபோது ரசிகர்களே மைதானத்துக்குள் தீப்பந்தம் வீசி ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஆட்டத்தை 0-3 என்று சவுதிக்குக் கொடுத்தது ஃபிஃபா. மோசமான அணியா, மோசமான ரசிகர்களா என்று இங்கே ஒரு கிளை விவாதம் ஓடும். அந்த ஸ்டேடியத்தையே இப்போது இடித்துவிட்டார்கள், சாட்சி இல்லை.

2018இல் ஃபிஃபா தரவரிசையில் 178க்குப் போனதைச் சொல்பவர்களும் உண்டு. அதை யாரும் மதிப்பதில்லை. எண்ணை வைத்துக் கேலி செய்ய முடியாது, ஆட்டம் வேண்டும்.

பெட்டாலிங் ஜெயா சிட்டியைப் பற்றி மட்டும் குரல் இறங்கும். மிஃபா என்ற இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் வழியாக வளர்ந்த அணி. 2019 முதல் 2022 வரை சூப்பர் லீக்கில் ஆடியது, கடைசி ஆண்டுகளில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல். பிறகு விலகிக்கொண்டது. அதைக் கிண்டல் செய்ய எனக்கும் மனம் வராது. இருந்தாலும் ஒருவர் சொன்னார்: "நாம போய் பார்த்திருந்தா இருந்திருக்கும் தம்பி. டிக்கெட் யாரு வாங்குனா?"

என் ஓட்டு தோற்ற அணிக்கு இல்லை. 10 ஜூன் 2025, புக்கிட் ஜாலில், வியட்நாமை 4-0 என்று வென்ற அணிக்கு. தாத்தாவோ பாட்டியோ பிறந்த நாட்டுக்கு ஒருவர் ஆடலாம் என்பது விதி. அந்த வழியில் வந்த ஏழு பேரின் ஆவணங்கள் பொய்யாக்கப்பட்டவை என்று செப்டம்பரில் ஃபிஃபா சொன்னது. தாத்தா பாட்டிகள் பிறந்தது அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து. தாளில் இருந்ததோ பினாங்கு, ஜொகூர், மலாக்கா, சரவாக். நான்கில் இரண்டு கோல் அந்த ஏழு பேரில் இருவர் அடித்தவை. ஆட்டக்காரர்களுக்கு 12 மாதத் தடை, சங்கத்துக்கு அபராதம். மேல்முறையீட்டையும் ஃபிஃபா நவம்பரில் தள்ளியது.

0-10 அணியை நாங்கள் பத்து வருடமாகத் திட்டியது அது எங்கள் அணி என்பதால். இதை எப்படித் திட்டுவது என்றே தெரியவில்லை. ஏனென்றால் தாத்தா பாட்டியின் பிறப்புப் பத்திரம் என்பது இந்தப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் சிரிப்புச் சமாச்சாரம் இல்லை. காப்பார் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர் எங்கள் அப்பாயி. பிறப்பைப் பதிய யாரும் டவுனுக்குப் போகவில்லை. கடைசிவரை கையில் சிவப்பு அடையாள அட்டைதான், ஓட்டு கிடையாது. எத்தனையோ முறை ஓர் அலுவலகத்தின் வரிசையில் அவருடன் நின்றிருக்கிறேன். பிறந்ததற்கு சாட்சி கேட்பார்கள். மருத்துவச்சி செத்து நாற்பது வருடம்.

செய்தி வந்த வாரம் கிள்ளானில் ஒரு பெரியவர், அவரும் சிவப்பு அட்டைக்காரர், ரொம்ப அமைதியாகக் கேட்டார்: "அந்த சூராட்ட எங்க அடிச்சாங்கன்னு விசாரிச்சு சொல்லுங்க தம்பி. எனக்கும் ஒண்ணு வேணும்." மேசையே குலுங்கிச் சிரித்தது. அவரும் சிரித்தார்.

2015 கட்சிக்காரர்கள் மட்டும் இன்னும் இறங்கி வரவில்லை. பத்திரம் வேற, பந்து வேற, பத்து கோல் பத்து கோல்தான் என்கிறார்கள்.