கரை மாறிய தலைநகரம்

அமெரிக்காவின் நடுப்பிரதேசத்தை வடக்கிலிருந்து தெற்காக வகிர்ந்துகொண்டு ஓடுகிறது மிஸிஸிப்பி மகாநதி. நதிக்குக் கிழக்கே இல்லினாய் ராஜ்யம். மேற்கே மிஸௌரி ராஜ்யம். பள்ளிக்கூடத்துப் பூகோள புத்தகம் அப்படித்தான் சொல்லும். ஆனால் இல்லினாய்க்குச் சொந்தமான ஒரு சிற்றூர் மட்டும் நதிக்கு மேற்கே, மிஸௌரியோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. கஸ்காஸ்கியா என்று பெயர். 2020-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் அங்கே இருந்தவர்கள் 21 பேர். ஒரு காலத்தில் அதுதான் இல்லினாயின் தலைநகரம் என்றால் வாசகர்கள் நம்புவார்களா?

ஊர் நதியைத் தாண்டிப் போகவில்லை. நதிதான் ஊரைத் தாண்டி வந்தது.

கஸ்காஸ்கியா என்பது முதலில் ஒரு பழங்குடியின் பெயர். 1703-இல் அந்த மக்களும் பிரெஞ்சு ஜெஸூட் பாதிரிமாரும் மிஸிஸிப்பிக்கும் அதன் உபநதி ஒன்றுக்கும் இடையிலிருந்த நிலத்தில் வந்து குடியேறினார்கள். குடியின் பெயரே ஊருக்கும் உபநதிக்கும் ஆயிற்று. வண்டல் படிந்த மண்; கோதுமை அமோகமாக விளைந்தது. மாவு மூட்டைகள் படகேறி நியூ ஆர்லியன்ஸ் வரை போயின. அந்த மாவில் நீக்ரோ அடிமைகளின் வியர்வையும் கலந்திருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. பிரெஞ்சு அரசர் பதினைந்தாம் லூயி இந்த ஊர் மாதாகோவிலுக்கு 1741-இல் வார்த்த வெண்கல மணி ஒன்றை அனுப்பிவைத்தார்.

1763-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1778 ஜூலை 4-ஆம் தேதி இரவு, ஜார்ஜ் ராஜர்ஸ் கிளார்க் என்ற அமெரிக்கத் தளபதி சுமார் 175 வீரர்களுடன் வந்து, ரத்தம் சிந்தாமலே ஊரைப் பிடித்தார். அரசர் தந்த மணி குடியரசின் வெற்றிக்காக ஒலித்தது! 1809-இல் கஸ்காஸ்கியா இல்லினாய்ப் பிரதேசத்தின் தலைநகரமாயிற்று. 1818-இல் புதிய ராஜ்யத்தின் தலைநகரம். இரண்டே வருஷம். 1820-இல் தலைநகரை வண்டேலியாவுக்கு மாற்றிவிட்டார்கள். ஊருக்குப் பெயர் கொடுத்த பழங்குடியினரோ 1803-இலேயே பெரும்பாலான நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, 1832 உடன்படிக்கைக்குப் பிறகு மேற்கே துரத்தப்பட்டார்கள்.

தலைநகர் அந்தஸ்து போனாலும் வியாபாரம் இருந்தது. நதியில் நீராவிக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன. அவை கட்டையை எரித்து ஓடுகிறவை. அகோரப் பசி! கரையோரத்து மரங்களை வெட்டி வெட்டி அந்தக் கொதிகலன்களுக்குப் போட்டார்கள். விறகு விற்றவர்களுக்கு நல்ல காசு. ஆனால் மண்ணைப் பிடித்திருந்தவை அந்த மரங்களின் வேர்களே அல்லவா? வேர் போகவே கரை கரைந்தது, நதி அகன்றது. 1844-இல் பெருவெள்ளம் ஊரை மூழ்கடித்தது. 1881 ஏப்ரலில் மிஸிஸிப்பி இடையிலிருந்த குறுகலான நிலத்தை உடைத்துக்கொண்டு உபநதியின் படுகையில் பாய்ந்தது. அதுவே புது வழி என்று நிலைத்துவிட்டது. பிறகு வருஷக் கணக்கில், வீடு வீடாக, தெருத் தெருவாக, ஊர் தண்ணீருக்குள் சரிந்தது.

உயிரோடிருந்தவர்கள் இறந்தவர்களைக் கைவிடவில்லை. சுமார் 3,000 பேரின் எலும்புகளைத் தோண்டி எடுத்து, கிழக்குக் கரைக் குன்றில் மறுபடியும் அடக்கம் செய்தார்கள். எஞ்சிய சிலர் தெற்கே சற்றுத் தள்ளிப் புது ஊர் கட்டிக்கொண்டு, மாதாகோவிலையும் அங்கே எடுத்துச் சென்றார்கள். ஆகவே இன்று முன்னோர் ஒரு கரையில், சந்ததியார் மறு கரையில்.

சட்டம் வேடிக்கையானது. நதி மெள்ள மெள்ள நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும். திடீரென்று வழி மாறினால் எல்லை பழைய இடத்திலேயே நிற்கும். அதனால் கஸ்காஸ்கியா இன்றும் இல்லினாய்தான். ஆனால் இல்லினாய்க்காரர் காரில் அங்கே போக வேண்டுமானால் மிஸௌரிக்குள் நுழைந்து, நதி விட்டுப்போன பழைய படுகையின்மேல் உள்ள சிறு பாலத்தைக் கடக்க வேண்டும்.

1993-இல் கரைமேடு உடைந்து மறுபடியும் வெள்ளம் வந்தது. மணி தப்பியது, விரிசலோடு இன்னும் அங்கே இருக்கிறது.

நதி கொடுத்தது, நதியே எடுத்துக்கொண்டது என்று சொல்லி ஆறுதலடைவது எளிது. ஆனால் நதியின் கையில் கோடரி இல்லை.