ஒரு வசைச்சொல்லின் பூர்வீகம்

ஆங்கிலத்தில் பி, ஓ, ஓ, ஆர் என்னும் நான்கு எழுத்துகளால் ஆன சொல் ஒன்று உண்டு. 'பூர்' என்று ஒலிக்கலாம். அகராதியைப் புரட்டினால் 'நயநாகரிகம் அறியாத முரடன்' என்று பொருள் காண்பீர்கள். விருந்தில் முறைகெட்டு நடப்பவனை ஆங்கிலேயர் இப்படி இகழ்வதுண்டு. இச்சொல்லின் பிறப்பிடத்தைத் தேடிச் சென்றால் நாம் போய் நிற்பது ஓர் உழவனின் குடிசை வாசலில்!

16ஆம் நூற்றாண்டில், டச்சு மொழியிலிருந்தும் அதன் அண்டை மொழியாகிய கீழ்ஜெர்மனிலிருந்தும் இச்சொல் ஆங்கிலத்திற்கு வந்தது. டச்சு மொழியில் 'பூர்' என்றால் உழவன்; அவ்வளவே. 1652 முதல் தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சுக்காரரின் வழிவந்தோர்க்கும் இதுவே பெயராயிற்று. 1899 முதல் 1902 வரை அவர்கள் பிரிட்டிஷாருடன் நடத்திய 'போயர் யுத்தம்' பற்றி வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

ஆயினும் இது ஆங்கிலத்துக்கு முற்றிலும் அந்நியமன்று. பழைய ஆங்கிலத்தில் 'கெபூர்' என்றொரு குடியானவர் வகுப்பு இருந்தது. 11ஆம் நூற்றாண்டை ஒட்டிய பண்ணைக் குறிப்பு ஒன்று அவன் நிலையை விவரிக்கிறது. அவன் பண்ணையில் குடியேறும்போது இரண்டு எருது, ஒரு பசு, ஆறு செம்மறியாடு, விதைத்த நிலம் ஏழு ஏக்கர் ஆகியவற்றை ஆண்டை கொடுப்பான். அதற்கு ஈடாக அவன் வாரத்தில் இரண்டு நாள் ஆண்டைக்கு உழைக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் மூன்று நாள். அவன் இறந்தால், விட்டுச் சென்றதை ஆண்டை எடுத்துக்கொள்வான்!

நாளடைவில் 'கெபூர்' தனிச்சொல்லாக வழக்கொழிந்தது. ஆனால் ஒரு கூட்டுச்சொல்லில் ஒளிந்துகொண்டு பிழைத்தது. அண்டை வீட்டாரைக் குறிக்கும் 'நெய்பர்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். 'அருகிலுள்ள கெபூர்' என்பதே அதன் பொருள். ஆக, வசைச்சொல்லும் அண்டை வீட்டாரின் பெயரும் ஒரே குடும்பம்.

உழவனின் பெயர் வசையானது எப்படி? அவனோடு வாழ்ந்தவர் அதை வசையாக்கவில்லை. மாளிகையிலும் நகரத்திலும் இருந்து அவனைப் பார்த்தவர்தாம் ஆக்கினர். திரைப்படத்தில் நாம் காணும் 'வில்லன்' கூட முதலில் பிரபுவின் பண்ணையில் பாடுபட்ட ஆள்தான். 'பட்டிக்காட்டான்' என்று பட்டணத்துக்காரர் ஏசுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். (ஏசுபவர் எந்த ஊர் அரிசியைச் சாப்பிடுகிறாரோ!)

'பூர்' என்பதன் அடியில் இருப்பது 'குடியிரு' எனப் பொருள்படும் பழைய ஜெர்மானிய வினை. அதற்கும் அடியில் செல்லும் மொழிநூலார், 'இருத்தல், ஆதல்' என்னும் பொருளுடைய வடமொழி 'பூ' என்ற வினையடியை அதன் உறவாகக் காட்டுகின்றனர். நாம் அன்றாடம் வழங்கும் 'பூமி' அதிலிருந்து கிளைத்ததே.