ஒலிக்கு உருவம் தந்த கூத்தர்

1911-ஆம் ஆண்டின் இறுதியில், ஜெர்மானிய தேசத்தில், கணவரை இழந்து குடும்ப பாரத்தைச் சுமந்து நின்ற கிளாரா ஸ்மிட்ஸ் என்னும் மாது, தம் மூத்த குமாரத்தி லோரியின் ஜீவனத்துக்கு ஏற்ற உடலசைவுக் கலை ஏதேனும் உண்டா என்று, தாம் குருவாக மதித்த ருடால்ப் ஸ்டைனரிடம் ஆலோசனை கேட்டார். யூரித்மி என்று பின்னர் ஐரோப்பா அறிந்த கலை, லௌகிகமான இந்த வினாவிலிருந்து பிறந்ததென்பதை, அதன் தத்துவத்தை மட்டுமே விரித்துரைப்போர் மறந்துவிடுகின்றனர்.

அப்பெண்ணுக்கு இட்ட ஆரம்ப பாடங்களில் நடனம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. அகர ஒலி மலிந்த வாக்கியமொன்றை உரக்கச் சொல்லித் தொண்டையில் நிகழ்வதைக் கவனிக்க வேண்டும்; மோனை பயின்ற செய்யுளின் ஒலிக்கு இசைய அடிவைத்து நடக்க வேண்டும்; சரீர சாஸ்திரமும் பயில வேண்டும். 1912 செப்டம்பரில், ஸ்விட்ஸர்லாந்தில் பாஸல் நகரை அடுத்த பாட்மிங்கனில் முறையான போதனை தொடங்கிற்று.

சொல்லின் பொருளை அபிநயித்துக் காட்டுவது இக்கலையின் நோக்கமன்று. மேடையின் ஓரத்தில் ஒருவர் கவிதையை ஓத, பட்டு அங்கியும் அதன்மேல் மெல்லிய சல்லாத்துணியும் தரித்தவர்கள், வாய் திறவாமல், அந்த ஒலிகளையே கைகளால் வரைகின்றனர். 'ஆ' என்னும் ஒலிக்குக் கைகள் கோணமாக விரிகின்றன, அது வியப்பின் சாயல். 'ஓ' ஒலிக்கு எதையோ தழுவுவனபோல் வட்டமாய் வளைகின்றன. எடித் மேரியன் என்ற ஆங்கிலச் சிற்பி தொடங்கி வைக்க, ஒவ்வோர் ஒலிக்கும் மரப்பலகையில் ஓர் உருவம் சமைத்து, அசைவுக்கு ஒரு வர்ணம், உணர்வுக்கு ஒன்று, இயல்புக்கு ஒன்று என மூன்று வர்ணங்கள் தீட்டினர். இதற்கு ஸ்டைனர் கற்பித்த ஆன்மிக வியாக்கியானம் முழுவதும் எனக்கு உடன்பாடன்று. ஆயினும் செவிக்குரியதைக் கண்ணுக்குரியதாக்க இத்துணைச் சிரத்தை எடுத்துக்கொண்டவர்களை அலட்சியம் செய்ய மனம் வரவில்லை.

முதல் உலக யுத்த காலத்தில், ஆல்ஸேஸிலிருந்து பீரங்கி முழக்கம் செவியில் விழும் டோர்னாக் குன்றின்மீது, ஒன்றையொன்று எதிர்த்துப் போரிட்ட தேசங்களைச் சேர்ந்தவர்கள் கூடி கோத்தேயானம் என்னும் இரட்டைக் கவிகை மாடத்தை எழுப்பிக் கொண்டிருக்கையில், ஸ்டைனரின் மனைவி மாரி ஆட்டக்காரரைப் பழக்கினார். பொதுமக்கள் முன்னிலையில் முதல் ஆட்டம் 1919 பிப்ரவரி 24-ஆம் தேதி ஜூரிச்சில் நடந்தது. அதன்பின் குழு ஊர் ஊராகப் புறப்பட்டது. திரை உயருமுன் பெரும்பாலும் ஸ்டைனரே தோன்றி, இது தொடக்க நிலையிலுள்ள கலை, குறைகளைப் பொறுத்தருள வேண்டும் என்று சபையோரிடம் கேட்டுக்கொள்வார். அவர் பேச்சுக்களில் என்னை அதிகம் கவர்ந்தது இந்த அடக்கமே.

1922 டிசம்பர் 31-ஆம் தேதி மாலை கோத்தேயானத்தில் யூரித்மி ஆடினர். அன்றிரவே, பெரும்பாலும் மரத்தாலான அக்கட்டடம் எரிந்து சாம்பலாயிற்று. பல ஆண்டு உழைப்பு ஓரிரவில் போன பின்னும் கலை போகவில்லை. அங்கிகளும் சல்லாக்களும் பெட்டியில் அடங்குபவை, கவிதையோ நினைவில் அடங்குவது. மறுநாளே பக்கத்திலிருந்த தச்சுப்பட்டறைக் கொட்டகையில் வேலை தொடர்ந்தது. நாஜி ஆட்சியில் நேர்ந்த தடையையும் இவ்வாறே கடந்தனர். நியூகினியாவில் ஜெர்மானியத் தந்தைக்கும் பாப்புவாத் தாய்க்கும் பிறந்த எல்ஸெ கிளிங்க், இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஸ்டுட்கார்ட் குழுவை வழிநடத்திக் கடல் கடந்தும் அழைத்துச் சென்றார்.

இத்தகைய குழுக்களின் நிகழ்ச்சியில் கவிதையும் இசையும் மட்டுமன்றி, சிறுவர்களுக்காக கிரிம் சகோதரர் தொகுத்த நாடோடிக் கதைகளும் இடம்பெறுவதுண்டு. அந்நிய தேசத்தில் ஆடும்போதுதான் இக்கலையின் கடினம் வெளிப்படும். மொழி மாறினால் ஒலி மாறும். ஒலி மாறினால் கையசைவும் மாறும். ஆதலால் கதையை மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு பழைய ஆட்டத்தையே ஆடிவிட இயலாது, முதலடியிலிருந்து புதிதாக அமைக்க வேண்டும். இசைக்கு அந்தத் தொல்லை இல்லை.